மின்னஞ்சல் சேவையைத் தனி நிரலோடு இணைத்தல்: சிறுவணிகர்க்கு ஒரு பாடம்

சிறுவணிகம் நடத்தும் நம் வாடிக்கையாளர்களில் பலர் இன்று இரண்டு ஏடுகளை ஒருங்கே பேணி வருகின்றனர். ஒன்று, இணையவழியில் வரும் ஆர்டரையும் பணத்தையும் பதியும் விற்பனை ஏடு. மற்றொன்று, மெயில்சிம்ப் போன்றதொரு மின்னஞ்சல் சேவையில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியல். இவ்விரண்டும் தாமாக ஒன்றோடொன்று பேசுவதில்லை. மாலையில் கடை சாத்தும் முன் ஒருவர் அமர்ந்து அங்கிருந்து இங்குப் படியெடுத்து எழுதுகிறார். ஒரு நாள் விட்டுப்போகிறது. ஒரு முகவரியில் ஓர் எழுத்து பிசகுகிறது. மறு வாரம் கணக்கு ஒவ்வுவதில்லை.

இந்தப் படியெடுக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் முறைக்குப் பணிப்பாய்வுத் தானியக்கம் என்று பெயர். வங்கிப் பழக்கமுடைய நமக்கு இது புதிய கருத்தன்று. ஒவ்வொரு மாதமும் 5ஆம் நாள் இக்கணக்கிலிருந்து இவ்வளவு தொகையைத் தொடர்வைப்புக்கு மாற்றுக என்று நாம் எழுதிக் கொடுக்கும் நிலையாணையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இன்னது நிகழ்ந்தால் இன்னது செய்க என்பதே அதன் முழு இலக்கணம். 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜாப்பியர், பின்னர் வந்த மேக், எண்எய்ட்எண் ஆகியவை இவ்வாணைகளை எழுதி வைக்கும் இடங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஃப்ளோவும் இத்தகையதே.

ஆயினும் வெறும் நிலையாணையால் தீராத தேவைகள் உண்டு. அங்குதான் தனி நிரல், அதாவது நம் வணிகத்துக்கென்றே எழுதப்படும் சில வரிக் கட்டளைகள், இடையில் வந்து அமர்கின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

மும்பை மாதுங்காவில் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் ஒரு கடை இருப்பதாகக் கொள்வோம். அரைத்த தூள் நாளாக ஆக மணம் குன்றும்; ஆகவே வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவதில்லை. தூள் தீரும் தறுவாயில் ஒரு நினைவூட்டல் சென்றால் அவர் மீண்டும் இதே கடையில் வாங்குவார். செல்லாவிடில் அருகிலுள்ள கடையில் கிடைப்பதை வாங்கிக்கொள்வார். அந்த நினைவூட்டல் எந்த நாளில் செல்ல வேண்டும் என்பதை மின்னஞ்சல் சேவை அறியாது. அரைக் கிலோ வாங்கிய வீட்டில் நாளொன்றுக்கு 25 கிராம் செலவாகுமெனில் 20 நாளில் தீரும். கால் கிலோவெனில் 10 நாளில். இந்த வகுத்தலைச் செய்து தீரும் நாளைக் கண்டு, அதனை மின்னஞ்சல் சேவையிலுள்ள ஒரு தேதிப் புலத்தில் எழுதி வைப்பதே நம் நிரலின் பணி. அத்தேதிக்கு மூன்று நாள் முன்னதாகக் கடிதத்தை அனுப்புவதைச் சேவையே பார்த்துக்கொள்ளும். பழைய தூள் மீதியிருக்கும்போதே வாடிக்கையாளர் புதிதாக வாங்கினால், வாங்கிய நாளிலிருந்து எண்ணாமல் பழைய தீரும் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாய்வு இவ்வாறு ஓடும். வாடிக்கையாளர் பணம் செலுத்தியதும், கடை பயன்படுத்தும் கட்டண நுழைவாயில் ஒரு சேதியைத் தானியக்கச் சேவையின் முகவரிக்கு அனுப்புகிறது. இதற்கு வெப்ஹூக் என்று பெயர். ஜெஃப் லிண்ட்சே என்பவர் 2007இல் வழங்கிய சொல் இது. கடிதம் வந்ததா என்று மணிக்கொரு முறை அஞ்சலகத்துக்குச் சென்று கேட்பதற்கு மாறாக, வந்தவுடன் அஞ்சல்காரரே கதவைத் தட்டுவது போன்ற ஏற்பாடு. வந்த சேதி நம் நிரலுக்குள் செல்கிறது. நிரல் அதனைச் செப்பனிட்டு வெளியே தருகிறது. அடுத்த படியில் அது மெயில்சிம்ப் பட்டியலில் பதிவாகிறது. ஜாப்பியரில் இந்நிரலை ஜாவாஸ்கிரிப்ட் அல்லது பைத்தான் மொழியிலும், ஜோஹோ ஃப்ளோவில் டெலூஜ் மொழியிலும் எழுதலாம். இருபது முப்பது வரிகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. கல்லூரியில் கணினி பயிலும் மகளோ மருமகனோ வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பணி.

செப்பனிடுதல் என்று மேலே குறித்தோம். அதில் மூன்று இடங்களில் பலர் தடுக்கி விழுவதுண்டு.

முதலாவது தொகை. கட்டண நுழைவாயில்கள் பல தொகையை ரூபாயில் சொல்வதில்லை, பைசாவில் சொல்கின்றன. 850 ரூபாய்க்கான விற்பனை 85000 என்ற எண்ணாக வந்து சேரும். நூறால் வகுக்க மறந்த நிரல், தங்களிடமிருந்து 85,000 ரூபாய் பெற்றுக்கொண்டோம் என்று நன்றிக் கடிதம் எழுதிவிடும். பெற்றவர் பதறிப்போய்த் தம் வங்கிக் கிளைக்கு ஓடுவார். பணம் ஏதும் கூடுதலாகப் போயிராது; கடையின் மீதிருந்த நம்பிக்கை போயிருக்கும்.

இரண்டாவது நேரம். சேதியிலுள்ள நேரம் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தைச் சார்ந்தது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்கு நடந்த விற்பனை, மாற்றம் செய்யாத ஏட்டில் மார்ச் 31 என்று பதிவாகும். நினைவூட்டல் ஒரு நாள் முந்திப்போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். விற்பனை வேறொரு நிதியாண்டுக்குள் நுழைவதைக் கணக்கர் பொறுக்கமாட்டார்.

மூன்றாவது பெயர். மேலைநாட்டார் வடிவமைத்த இச்சேவைகள், முழுப்பெயரில் முதலில் வரும் சொல்லே அழைக்கும் பெயர் என்று கொள்கின்றன. நாமோ தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுபவர்கள். கே. மீனாட்சி என்று எழுதியவருக்கு ‘அன்புள்ள கே.’ என்று தொடங்கும் கடிதம் போகிறது. இடைவெளியாலும் புள்ளியாலும் பெயரைப் பிரித்து, ஓரெழுத்தாக நிற்பவற்றை ஒதுக்கி, மிஞ்சியதை அழைக்கும் பெயராகக் கொள்ளுமாறு நிரலுக்குச் சொல்ல வேண்டும். அப்படியும் ஒன்றும் தேறவில்லையெனில் ‘அன்புடையீர்’ போதும். அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு காசோலை, ஒரு பட்டுவாடா

சேதி அனுப்பும் இடம், எதிர்முனை பெற்றுக்கொண்டதாக விடை வரவில்லையெனில், சற்றுப் பொறுத்து அதே சேதியை மீண்டும் அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பக்கம் பெற்றுக்கொண்டு, விடை மட்டும் வழியில் தவறியிருந்தால், ஒரே ஆர்டர் இருமுறை வந்து சேரும். இரு நன்றிக் கடிதங்கள் செல்லும்; தீரும் நாள் இருமுறை தள்ளிப்போகும்; கிடங்கில் இரண்டு பொட்டலங்கள் கட்டப்பட்டாலும் வியப்பில்லை.

இதற்கு வங்கி கண்ட தீர்வு பழையது. காசோலை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; ஓர் எண்ணுக்கு ஒருமுறைதான் பட்டுவாடா. அதுபோல ஒவ்வொரு சேதியுடனும் வரும் நிகழ்வு எண்ணை ஒரு விரிதாளில் பதிந்து வைத்து, புதிதாய் வரும் எண் அதில் முன்பே இருக்கிறதா என்று பார்த்த பின்னரே நிரல் மேற்செல்ல வேண்டும். இருந்தால் அமைதியாக நின்றுவிட வேண்டும். சில வரிகளே கூடுதலாக எழுத வேண்டிய இந்தக் காப்பைத்தான் அவசரத்தில் எழுதப்படும் இணைப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

காசோலையில் எண்ணைப் போலவே கையொப்பமும் உண்டல்லவா? வெப்ஹூக் முகவரி என்பது தெருவைப் பார்த்த கதவு. அம்முகவரியை அறிந்த எவரும், பணம் செலுத்தாமலே செலுத்தியதாகப் பொய்ச் சேதி அனுப்பிவைக்கலாம். இதனைத் தடுக்கவே கட்டண நுழைவாயில்கள் தம் சேதியோடு ஒரு மின்முத்திரையை இணைக்கின்றன. நமக்கும் நுழைவாயிலுக்கும் மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சொல்லையும் சேதியையும் கொண்டு கணக்கிடப்படுவது அது. நம் நிரலும் அதே கணக்கைப் போட்டு, இரண்டும் ஒத்தால் மட்டுமே சேதியை ஏற்க வேண்டும். கிளையில் மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அதே செயல். ஒரு நுட்பம்: சேதியைத் தானியக்கச் சேவை பிரித்து அடுக்கிய பிறகு முத்திரை ஒவ்வாது, வந்த வடிவிலேயே, ஓர் எழுத்தும் மாறாமல், வாங்கிக்கொள்ளும் தெரிவை ஜாப்பியரில் தேர்ந்தெடுக்க வேண்டும். மெயில்சிம்ப் பக்கத்திலிருந்து வரும் பழைய வகை வெப்ஹூக்குகளில் இத்தகைய முத்திரை இல்லை. ஆகவே அவற்றுக்கான முகவரியிலேயே எவரும் ஊகிக்கவியலாத நீண்டதொரு சொல்லைச் சேர்த்து வைப்பது வழக்கம்.

திரும்பி வரும் வழி

இப்பாடத்தில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதி இதுவே. இணைப்பு அமைப்பவர்கள் எல்லாரும் கடையிலிருந்து பட்டியலுக்குச் செல்லும் வழியை அமைக்கின்றனர். பட்டியலிலிருந்து கடைக்குத் திரும்பும் வழியை அமைக்க மறக்கின்றனர்.

வாடிக்கையாளர் ஒருவர், இனிக் கடிதம் வேண்டாம் என்று மின்னஞ்சலின் அடியிலுள்ள விலகல் இணைப்பை அழுத்துகிறார். மெயில்சிம்ப் அவரை விலகியவராகக் குறித்துக்கொள்கிறது. கடையின் விரிதாளுக்கு அது தெரியாது. தீபாவளி வருகிறது. கடைக்காரர் விரிதாளிலுள்ள முகவரிகள் அனைத்தையும் வேறொரு சேவையில் ஏற்றி வாழ்த்தும் விலைப்பட்டியலும் அனுப்புகிறார். வேண்டாம் என்று சொன்னவரின் பெட்டியில் மீண்டும் கடிதம். அவர் இம்முறை விலகல் இணைப்பைத் தேடமாட்டார். குப்பை என்ற பொத்தானை அழுத்துவார். அத்தகைய அழுத்தங்கள் சேரச் சேர, கேட்டு வாங்கிக்கொண்டவர்களுக்குச் செல்லும் கடிதங்களும், பணம் பெற்றதற்கான ரசீதும்கூட, குப்பைப் பெட்டிக்குள் விழத் தொடங்கும். 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்துள்ள நெறிகளின்படி, குப்பை என்று குறிக்கப்படும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடலாகாது. ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர். நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் ஒரே அழுத்தில் விலகும் வசதியையும் தந்தாக வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அளித்தவர் அதனைத் திரும்பப் பெறும் உரிமையுடையவர் என்றும், திரும்பப் பெறுவது ஒப்புதல் அளித்ததற்கு ஒப்பான எளிமையுடன் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. தரவைக் காக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோர்க்கு அச்சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள தண்டத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். காப்பித்தூள் கடைக்கு அவ்வளவு விதிப்பார்களா என்று நகைக்கலாம். வரம்பு எதுவாயினும், பட்டியலிலுள்ள பெயர்கள் கடைக்குச் சொந்தமானவை அல்ல, ஒப்படைக்கப்பட்டவை. வைப்புத்தொகையை நாங்கள் பார்ப்பதும் அவ்வாறே.

திரும்பும் வழியை அமைப்பது கடினமன்று. விலகல், முகவரி மாற்றம், கடிதம் சேராமல் திரும்புதல் ஆகியவை நிகழும்போது நமக்குச் சேதி அனுப்புமாறு மெயில்சிம்ப்பில் அமைக்கலாம். அச்சேதி இரண்டாவது பாய்வொன்றைத் தூண்டும். அது விரிதாளில் அவ்வாடிக்கையாளரின் வரியைத் தேடி, விலகியவர் என்று தேதியுடன் குறிக்கும். வரியை அழித்துவிடலாகாது, அழித்தால் அவர் அடுத்த முறை வாங்கும்போது புதியவராகப் பட்டியலில் நுழைந்துவிடுவார்.

முன்னே செல்லும் பாய்விலும் ஒரு காப்பு தேவை. பட்டியலில் ஒருவரைச் சேர்க்கும்போது அவருடைய நிலையைக் குறிக்க மெயில்சிம்ப் இரண்டு புலங்களைத் தருகிறது: எப்போதும் செல்லுபடியாகும் நிலை ஒன்று, அவர் புதியவராயின் மட்டும் செல்லுபடியாகும் நிலை ஒன்று. நாம் நிரப்ப வேண்டியது இரண்டாவதையே. அப்போதுதான் முன்பு விலகிச் சென்றவர் ஒரு பொட்டலம் தூள் வாங்கிய காரணத்தால் மீண்டும் உள்ளே இழுக்கப்படமாட்டார். புதியவர்க்கும்கூட, உறுதிசெய்யும் கடிதம் ஒன்றை அனுப்பி அவர் இசைந்த பின் சேர்ப்பதே மேல். பட்டியல் சற்று மெலிந்திருக்கும். இருப்பவர்கள் கடிதத்தைத் திறந்து படிப்பவர்களாக இருப்பர்.

இருவழியும் அமைந்த பிறகு ஒரு புதுச் சிக்கல் எழக்கூடும். முதற்பாய்வு பட்டியலில் செய்யும் மாற்றமே இரண்டாம் பாய்வைத் தூண்ட, அது விரிதாளை மாற்ற, விரிதாளின் மாற்றம் மீண்டும் முதற்பாய்வைத் தூண்ட, செக்குமாடு போல் இரவு முழுதும் சுற்றிக்கொண்டே இருக்கும். தானியக்கச் சேவைகள் செயல்களின் எண்ணிக்கைக்குக் கட்டணம் வாங்குபவை என்பதை நினைவிற்கொள்க. வாடிக்கையாளர் செய்யும் மாற்றங்களுக்கு மட்டும் சேதி அனுப்பு, நிரல் வழியாக நேர்ந்த மாற்றங்களுக்கு வேண்டாம் என்ற தெரிவு மெயில்சிம்ப்பில் உள்ளது. அதனைப் பார்த்து அமைக்கவும்.

சாவி யாரிடம்?

இரு சேவைகளை இணைக்க ஏபிஐ சாவி எனும் நீண்ட எழுத்துத் தொடர் தேவைப்படும். மெயில்சிம்ப்பின் சாவி கணக்கின் ஓர் அறையை மட்டும் திறப்பதன்று. முழு வீட்டையும் திறப்பது. அதனைக் கொண்டவர் பட்டியலை முழுதும் எடுத்துச் செல்லலாம், கடையின் பெயரில் எவர்க்கும் கடிதம் எழுதலாம். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைக்கு இதைவிடச் சிறந்த உவமை எமக்குத் தோன்றவில்லை. சாவியை நிரலின் வரிகளுக்கிடையே எழுதி வைப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடா. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி உருவாக்கி, இன்ன பணிக்கு என்று பெயரிட்டு வைத்தால், நிரல் எழுதித் தந்தவர் பணி முடித்துச் சென்ற அன்றே அவரிடமிருந்த சாவியை மட்டும் செல்லாததாக்கலாம். மற்ற இணைப்புகள் நிற்கமாட்டா.

வங்கி அலுவலர்கள் என்ற முறையில் ஒன்றைக் கண்டிப்புடன் சொல்ல வேண்டியுள்ளது. கட்டண நுழைவாயிலுக்குத் தரும் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணிச் சிலர், வங்கியிலிருந்து வரும் வரவு அறிவிப்பு மின்னஞ்சலைத் தானியக்கச் சேவை படிக்குமாறும், படித்ததும் பணம் வந்ததாகக் கொண்டு சரக்கை அனுப்புமாறும் அமைக்கின்றனர். இதில் இரு கேடுகள் உள்ளன. வங்கியின் அறிவிப்பைப் போலவே தோன்றும் மின்னஞ்சலை எவரும் எழுதிவிடலாம். மனிதக் கண் ஐயுறும் இடத்தில் நிரல் ஐயுறாது, சரக்கு போய்விடும். மேலும், அறிவிப்பைப் படிக்க அனுமதி கொடுப்பது என்பது அஞ்சல்பெட்டி முழுதையும் படிக்க அனுமதி கொடுப்பது. அதில் ஒருமுறைக் கடவுச்சொற்களும் கணக்கு அறிக்கைகளும் இருக்கின்றன. அறிவிப்பு என்பது செய்தி மட்டுமே. வரவுக்குச் சான்று கணக்கில் உள்ள பதிவு.

சரிபார்க்கும் நாள்

தானியங்கி ஓடுகிறது என்பதால் சரியாக ஓடுகிறது என்று பொருளாகாது. பள்ளியில் வணிகவியல் படித்தவர்கள் வங்கிச் சரிகட்டும் பட்டியலை மறந்திருக்கமாட்டார்கள். ரொக்க ஏடும் வங்கிச் செல்லேடும் ஏன் ஒவ்வவில்லை என்று வரிவரியாகக் காண்பது அது. இங்கும் வாரம் ஒருமுறை மூன்று எண்களை அருகருகே எழுதினால் போதும்: நுழைவாயிலில் வெற்றியடைந்த கட்டணங்கள், விரிதாளில் அவ்வாரம் சேர்ந்த வரிகள், மின்னஞ்சல் சேவையில் புதிதாகச் சேர்ந்தோரும் திருத்தப்பட்டோரும். வேறுபாடு இருக்கத்தான் செய்யும்; ஒரே வாடிக்கையாளர் இருமுறை வாங்கியிருப்பார், ஒருவர் முகவரியே தந்திருக்கமாட்டார். காரணம் சொல்ல முடியாத வேறுபாடு இருக்கலாகாது.

உண்மையான வாடிக்கையாளர்களிடம் செல்லும் முன் நம் சொந்த முகவரிகள் நான்கைந்தை வைத்துச் சோதிக்கலாம். முதலெழுத்துடன் ஒரு பெயர், தமிழ் எழுத்தில் ஒரு பெயர், பெயரே இல்லாத ஒன்று, முன்பே விலகிய ஒன்று, ஒரே ஆர்டர் இருமுறை. இந்த ஐந்தும் சரியாக வந்தால் துணிந்து திறந்துவிடலாம்.

கடைசியாக, பணம் கட்டுவது பற்றி. இச்சேவைகளில் பல டாலரில் கட்டணம் பெறுபவை. புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் பன்னாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். 2020 மார்ச் 16 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு அது. செயலி வழியாகவோ கிளையிலோ அதனைத் திறந்து, ஒரு வரம்பும் விதித்துக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் தானாகப் பிடித்தம் செய்ய மின்னாணை பதிந்திருந்தால், பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வரும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் உங்கள் கூடுதல் ஒப்புதல் தேவை. இவ்வறிவிப்பைக் கவனியாமல் விட்டுக் கட்டணம் தவறினால், பாய்வு ஓசையின்றி நின்றுவிடும். ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும், கடிதங்கள் போகமாட்டா. டாலர் மதிப்போடு அட்டைக்குரிய அன்னியச் செலாவணி மாற்றுக் கட்டணமும் சேரும் என்பதால், ரூபாயில் விலைப்பட்டியல் தரும் இந்தியச் சேவைகளோடு ஒப்பிடும்போது அதனையும் கூட்டிப் பார்க்கவும். சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்ற வணிகர் வெளிநாட்டுச் சேவையைப் பெறும்போது, எதிர்முறை விதிப்பின்படி வரியைத் தாமே செலுத்த வேண்டியிருக்கும். மாதக் கட்டண ரசீதுகளைத் தவறாமல் இறக்கி எடுத்து உங்கள் தணிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.